செல்லாயியைக் கடித்தது மலை நாயல்ல

1

ஊரிலிருந்து கடிதம் வந்தால் என் மனைவி ரோசம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்காருவாள். நான் உரக்கப் படிக்க வேண்டும். போன வாரம் வந்த கடிதத்தை என்னால் பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை. மீதியை அவளே வாங்கிப் படித்தாள்.

என் தம்பி அந்தோணி எழுதியிருந்தான்: "அண்ணா, அங்கே மலைப்பக்கத்தில் ஓநாய்கள் மனிதரைக் கடித்துக் கொல்கின்றனவாமே, மெய்தானா? செல்லாயி அப்படித்தான் செத்தாள் என்று தோட்டத்துக் காகிதம் வந்திருக்கிறது. மலையில் ஏது ஓநாய், அது செந்நாயாகத்தான் இருக்கும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். செந்நாய் மறித்தது என்றால் அர்த்தம் உனக்குத் தெரியும். அவள் மகள் பேச்சிக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தத்தை மாப்பிள்ளை வீட்டார் முறித்துவிட்டார்கள். தாய் அக்கரையில் எப்படி நடந்தாளோ, மகள் எப்படியோ என்று சந்தையில் வைத்தே சொன்னார்களாம்."

எனக்குக் கோபம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் மேல் கோபம், அந்தக் காகிதத்தை எழுதியவர்கள் மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் காகிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டவன் மேல் கோபம். அந்தக் கையெழுத்து என்னுடையது.

ஆகையால் தம்பி கேட்ட கேள்விக்கு அவனுக்கு மட்டும் பதில் எழுதாமல், கம்பம் ஊருக்குப் பக்கத்து மலையடிவாரத்தில் இந்தப் பத்திரிகையைப் படிக்கிற எல்லோருக்குமாக எழுதுகிறேன். நான் மலாய் நாட்டுப் பேராக் ராஜ்யத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து மலையை நோக்கி மாட்டு வண்டியில் அரைநாள் போகிற தூரத்தில் இருக்கும் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரஸ்ஸர். அதாவது தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயம் கட்டுகிறவன், காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுக்கிறவன், செத்தவர்களுக்குக் காரணம் எழுதுகிறவன். இங்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது.

இந்த மலைகளில் ஓநாய் கிடையாது. புலி உண்டு, அதற்குப் பயப்படத்தான் வேண்டும். செந்நாய் உண்டு. மலாய்க்காரர்கள் அதைக் காட்டு நாய் என்றே சொல்கிறார்கள். அது மனிதனைக் கொன்றதாக நான் பார்த்ததில்லை. இந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்து, பிரம்பு வெட்டிக் கொண்டுவந்து விற்கிற மலைவாசிகளைக் கேட்டேன். அவர்கள் சிரித்தார்கள். அவ்வளவுதான் பதில். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

2

நம் மலையடிவாரத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மற்ற ஜில்லாக்காரர்களும் படிப்பார்களே, அவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் விறகுக்குப் போகிற பெண்கள் செந்நாய் அடித்த மானைப் பங்கு கேட்பார்கள். காட்டில் செந்நாய்கள் சீழ்க்கை அடிக்கிற சத்தம் கேட்டு, பிறகு அடங்கினால், இரை விழுந்துவிட்டது என்று அர்த்தம். நாலைந்து பெண்கள் கம்பால் மரத்தைத் தட்டிக்கொண்டே போவார்கள். "பங்கு, சாமி, பங்கு" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். செந்நாய்கள் வாயில் ரத்தத்தோடு தலை தூக்கிப் பார்க்கும், முறைக்கும், பின்வாங்கும். கொஞ்ச தூரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இவர்கள் ஒரு பின்னந்தொடையை அறுத்துக்கொள்வார்கள். குடலையும் முன்காலையும் தொட மாட்டார்கள். அது நாயின் பங்கு. தலையை ஒருநாளும் எடுக்கக் கூடாது. திரும்பி வரும்போது பின்னால் பார்க்கக் கூடாது.

பத்துப் பன்னிரண்டு நாய்கள் ஒரு கம்புக்குப் பயந்து ஒதுங்குவதை நான் சிறு வயதில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் வேதக்காரன், கிறிஸ்தவன், என் வீட்டில் இந்தக் கறியைச் சேர்க்க மாட்டார்கள். அதனாலேயே பின்னால் போய் ஒளிந்திருந்து பார்ப்பேன். மனிதனைக் கண்டால் அதற்கு ஆகாது. அதன் குணம் அது.

இதுவரை அழகாக இருக்கிறதல்லவா? இனி இதன் அடியில் கிடக்கிற அழுக்கையும் சொல்ல வேண்டும். செந்நாய் ஒரு பெண்ணை மறித்தால், அவள் பங்கில் வஞ்சம் செய்தவள் அல்லது நடத்தை கெட்டவள் என்று நம்மவர்கள் சொல்வார்கள். ஆணை மறித்தால்? நாய்க்கு அன்றைக்குப் பசி என்பார்கள். இந்த ஞாயத்தை எந்தச் சாமி சொல்லிக் கொடுத்ததோ! ஒருத்தியையும் அது மறித்துக் கடித்ததாகப் பேர் சொல்லி யாராலும் காட்ட முடியாது. ஆனாலும் பழி மட்டும் தயாராக இருக்கிறது, ஆள் விழட்டும் என்று காத்துக்கொண்டு.

3

செல்லாயி எங்கள் பக்கத்து மலையடிவாரத்துக்காரி. புருஷன் செத்த பிறகு, மகள் பேச்சியைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, ஆள் சேர்க்க வந்த கங்காணியோடு கப்பலேறியவள். இந்தத் தோட்டத்தில் நாலு வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினாள். கூலியாட்கள் குடியிருக்கிற லயத்தில் அவளைப்பற்றி ஒரு வார்த்தை தப்பாக யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் மறுநாள் காலை பெரட்டில், பேர் கூப்பிடுகிற இடத்திலேயே, சொன்னவனின் பாட்டன் வரைக்கும் இழுத்திருப்பாள். அவ்வளவு வாய். மகளுக்குச் சம்பந்தம் பேசியிருப்பதாகக் கடிதம் வந்தபோது, அதை என்னிடம் மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"அந்த மாப்புள்ள பேரு இருக்கிற எடத்த மறுவாட்டி படிங்கண்ணே" என்றாள் நாலாவது தடவையாக.

போன வருஷம் இதே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, எங்கள் துரை பக்கத்துத் தோட்டத்துத் துரைகளோடு மலைக்குப் பன்றி வேட்டைக்குப் போனார். அவரிடம் ஏழு வேட்டை நாய்கள் இருந்தன. செம்பட்டை நிறம், கன்றுக்குட்டி உயரம். அன்றைக்கு நாலு நாய்தான் திரும்பி வந்தது. மூன்று நாய்கள் காட்டிலேயே நின்றுவிட்டன.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் செல்லாயி கீரை பறிக்கவும் விறகு பொறுக்கவும் மலையோரத்துக்குத் தனியாகப் போனாள். பத்து மணி வாக்கில் இரண்டு பேர் அவளைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார்கள். தொடையும் இடது கையும் கிழிந்திருந்தன. நான் தைக்கத் தைக்க அவள் பேசிக்கொண்டே இருந்தாள். எனக்கு உதவிக்கு நின்ற ரோசம்மாளும் எல்லாவற்றையும் கேட்டாள்.

"நம்ம ஊரு செந்நாயின்னு நெனச்சிட்டேன்ணே. பன்னிக்குட்டிய அடிச்சிப் போட்டுத் தின்னுக்கிட்டு இருந்திச்சுங்க. தலையெல்லாம் வவுத்துக்குள்ள. செவப்பு முதுகுதான் தெரிஞ்சிச்சு. மரத்தத் தட்டினேன். பங்குன்னு கேட்டேன். போவல."

"குரைக்கலையா, செல்லாயி?"

"கொரச்சிருந்தா ஓடி வந்திருப்பேனே! உறுமிச்சுங்க. கிட்டப் போனப்புறந்தான் பார்த்தேன், கழுத்துல தோலு வார் போட்டிருக்கு. தொர வூட்டு நாயின்னு தெரிஞ்சி திரும்பறதுக்குள்ள ஏறிருச்சுண்ணே. பாராங்கால ஒண்ணு போட்டேன். ஒரு நாய்க்குக் காது பொளந்திருச்சு."

பாராங் என்றால் இங்கே எல்லோர் இடுப்பிலும் இருக்கிற விறகு வெட்டும் கத்தி. இவ்வளவும் சொல்லிவிட்டு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் தப்பு செய்யலண்ணே. கறிய இன்னும் தொடக்கூட இல்ல."

எனக்கு அப்போது அது வலியில் வந்த பேச்சாகத் தோன்றியது. இப்போது தெரிகிறது, அவள் ஊரை நினைத்துச் சொல்லியிருக்கிறாள். சாகக் கிடக்கும்போதும் ஒரு பெண் ஊருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

காட்டு நாய் மனிதனுக்குப் பயப்படும். மனிதன் கறி போட்டு வளர்த்து, துரத்து, கடி என்று பழக்கின நாய் எதற்குப் பயப்படும்? இதுதான் அவளுக்குத் தெரியாமல் போனது. நம் ஊரில் அப்படி ஒரு நாயை அவள் பார்த்ததில்லை.

அன்று மத்தியானம் பங்களாவிலிருந்து நாய் பார்க்கிற ஆள் வந்தான். கயிற்றில் ஒரு செம்பட்டை நாய். வலது காது இரண்டாகப் பிளந்து தொங்கியது. "தொர தைக்கச் சொன்னாங்க, டிரஸ்ஸரே" என்றான். செல்லாயி கிடந்த அறைக்கு அடுத்த அறையில், அவளுக்குத் தைத்த நூலின் மிச்சத்தை எடுத்து அந்த நாய்க்குத் தைத்தேன். தைத்தேன் என்று எழுதும்போதே என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நாய் பிழைத்தது. செல்லாயி மூன்றாம் நாள் செத்தாள்.

4

இந்த நாட்டில் ஒரு கூலியாள் நோயில்லாமல் செத்தால், சர்க்கார் ஆபீசுக்கு ஒரு பாரம் எழுதி அனுப்ப வேண்டும். அதில் எப்படிச் செத்தார் என்று ஒரு கட்டம் உண்டு. "வளர்ப்பு நாய்கள் கடித்து" என்று இங்கிலீஷில் எழுதி ஆபீசுக்குக் கொடுத்தேன். சாயங்காலமே அது திரும்பி வந்தது. யார் வளர்த்த நாய் என்று எழுதவில்லையாம். யார் வளர்த்தது என்று எழுதிக் கொடுத்தேன். அதுவும் திரும்பி வந்தது. இந்தத் தடவை பெரிய கிராணியே கொண்டுவந்தார். தோட்டத்து ஆபீசில் துரைக்கு அடுத்தபடி அவர்தான்.

"என்னா டிரஸ்ஸரே, ஆத்துல நின்னுக்கிட்டு மொதலைகிட்ட வம்பா?" என்றார். "ரப்பர் வெல விழுந்து கெடக்குது. பக்கத்துத் தோட்டத்துல ஸ்டாப்புல ரெண்டு பேர நிப்பாட்டிட்டான், தெரியும்ல? செத்தவ செத்துட்டா. எழுதறதுல அவளுக்கு என்னா வந்திருச்சு?"

"அவ என்கிட்ட வாயால சொன்னா, அண்ணே. நாய்க் காத நான்தான் தைச்சேன்."

"நீங்க தைச்சதுக்கு எங்க இருக்கு எழுத்து? ஆஸ்பத்திரிப் பொஸ்தகத்துல நாய்க்குப் பேரு போட்டீங்களா?"

போடவில்லைதான். நோயாளிகளின் புத்தகத்தில் நாயின் பேரை எப்படிப் போடுவது?

மறுநாள் துரை என்னைக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. நாற்காலி கூடக் கொடுத்தார். "நீ மலைப்பக்கத்திலிருந்து வந்தவன் என்று கிராணி சொன்னார். உன் ஊரில் காட்டு நாய்கள் இருக்கின்றன அல்லவா?" என்று இங்கிலீஷில் கேட்டார். இருக்கின்றன என்றேன். "அவை கூட்டமாக வேட்டையாடும் அல்லவா?" ஆமாம் என்றேன். "அப்படியானால் அவற்றைப்பற்றிச் சொல்லத் தகுந்த ஆள் இந்தத் தோட்டத்தில் நீதான்" என்று சொல்லிப் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, ஈப்போ கன்னியர் பள்ளிக்கூடத்தில் என் மகள் ஆக்னஸ் நன்றாகப் படிக்கிறாளா என்று விசாரித்தார். அவளுக்கு அங்கே இடம் கிடைத்தது அவருடைய சிபாரிசால்தான்.

"மலைக் காட்டு மிருகங்கள் தாக்கி" என்று டைப் அடித்துத் தயாராக இருந்தது. என்ன மிருகம் என்ற இடத்தில் கிராணி ஓநாய் என்று போட்டிருந்தார். அவர் இங்கிலீஷ் பாடப்புத்தகத்தில் படித்த மிருகம் அது. அந்த ஓநாயை நான் திருத்தக்கூட இல்லை. எனக்குத் தெரிந்த விஷயத்துக்கே என்னைச் சாட்சியாக வைத்துப் பொய் சொல்ல வைத்தார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிப் பார்த்தேன். மனசு ஏற்கவில்லை. பேனாவைப் பிடித்தது யார் கை? மகளின் பள்ளிக்கூடமும், குடியிருந்த வீடும், கெட்டுப்போகாத பேரும் எனக்குப் பெரிதாகப் பட்டன. போட்டேன்.

தோட்டத்துக் காகிதம் சொன்ன ஓநாய்ப் பொய்யை நம் ஊர் செந்நாய் என்று திருத்தி மெய்யாக்கிக்கொண்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி கடல் தாண்டி ஒரு கன்னிப்பெண் வீட்டு வாசலில் போய் இறங்கியிருக்கிறது.

5

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். செல்லாயியைப் புதைத்த மறுவாரம் மலையோரத்தில் ஒரு செந்நாயைச் சுட்டுக் கொண்டுவந்து பெரட்டுக் களத்தில் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். இதுதான் கொன்றது, இனி யாரும் மலைப்பக்கம் போகக் கூடாது என்று கங்காணி கத்தினான். பெண்கள் வரிசையாக வந்து அதன் மேல் காறித் துப்பினார்கள்.

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். லயத்து நாயைவிடக் கொஞ்சம்தான் பெரியது. மெலிந்த உடம்பு. காது இரண்டும் முழுசாக இருந்தன. இருநூறு பேர் நின்ற இடத்தில் அதன் அர்த்தம் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது. நான் சொல்லவில்லை.

காது தைத்த நாய் அப்போது பங்களாத் தாழ்வாரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இன்றைக்கும் அது துரையோடு மலைக்குப் போகிறது. லயத்துப் பிள்ளைகள் அந்தப் பாதையில்தான் நடக்கிறார்கள். மலைப்பக்கத்தில் மனிதருக்கு ஆபத்து உண்டா என்று தம்பி கேட்டானே, உண்டு. அது கழுத்தில் வார் போட்டுக்கொண்டு பங்களாவில் வசிக்கிறது.

6

கடிதம் வந்த சனிக்கிழமை ஆக்னஸ் ஈப்போவிலிருந்து வந்திருந்தாள். பதினைந்து வயசு. பேச்சிக்கு ஒரு வயசு இளையவள். ஊர் என்றால் அவளுக்குத் தபால்தலை ஒட்டிய உறை, அவ்வளவுதான். கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, எனக்கு வெளங்கலலா. அம்மாவ நாய் கடிச்சிச்சு. மகளுக்கு ஏன் கல்யாணம் நிக்கணும்? அந்த ஊரு ஆளுங்க கீலாவா?"

கீலா என்றால் மலாயில் பைத்தியம். தஞ்சோங் ரம்புத்தானில் பைத்தியங்களுக்கென்று பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே அனுப்ப வேண்டியவர்கள் என்று சொல்லிச் சிரித்தாள். ஊரைப்பற்றி இவளுக்கு ஒன்றும் தெரியாமல் வளர்த்துவிட்டோமே என்று நான் எத்தனையோ நாள் வருத்தப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு வருத்தப்படவில்லை. தெரியாமலே இருக்கட்டும் என்று தோன்றியது.

ஆனால் அவள் அடுத்ததாக ஒன்று கேட்டாள். "அப்பா, இந்த ரிப்போர்ட்ல உங்க பேருதான இருக்குன்னு சித்தப்பா எழுதியிருக்காரு. அப்ப ஓநாய்னு நீங்கதான் சொன்னீங்களா?"

ரோசம்மாள்தான் எல்லாவற்றையும் சொன்னாள், நாயின் காதை விடாமல். ஒரு வருஷமாக அவள் அடக்கிவைத்திருந்தது எல்லாம் வந்தது. கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"இங்க பாருங்க. எம்மவ படிக்கிறதுக்காக அந்தப் புள்ள வாழாம கெடக்கணுமா? பள்ளிக்கூடம் போனா போவுது. நான் இட்லி வித்துப் படிக்க வைக்கிறேன். மூட்டையைக் கட்டச் சொன்னா கட்டிடறேன். ஈப்போவுக்கே போலாம். மொதல்ல எழுதுங்க."

ஆக்னஸ் தன் பள்ளிக்கூட நோட்டிலிருந்து நாலு காகிதம் கிழித்து என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தக் காகிதத்தில்தான் இதை எழுதுகிறேன். இதே விவரத்தை இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ரோசம்மாளையும் சாட்சியாகக் காட்டி, நானே நேரில் போய்ச் சர்க்கார் ஆபீசில் கொடுத்துவிட்டேன். எழுதி ஒரு வருஷம் கழித்து ஏன் வந்தாய் என்று அங்கிருந்த குமாஸ்தா கேட்டார். பயந்தேன், அதனால் என்றேன். அப்படி ஒரு காரணத்துக்குத் தன்னிடம் பாரம் இல்லை என்றார். பாரம் இல்லாமலே வெறும் காகிதமாக வாங்கி முத்திரை குத்தினார். அதன் பேரில் என்ன நடக்குமோ, எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

எனக்கு நம்பிக்கை இருப்பது இந்தப் பத்திரிகைப் பக்கத்தின் மேல்தான். படிக்கத் தெரிந்தவர்கள் இதை எங்கள் ஊர்ச் சந்தையில் உரக்கப் படியுங்கள். மாப்பிள்ளை வீட்டாரே, நீங்களும் கேளுங்கள். எந்த இடத்தில் நின்று அந்தப் பேச்சைப் பேசினீர்களோ அந்த இடத்தில் நின்றே கேளுங்கள். செல்லாயியைச் செந்நாய் மறிக்கவில்லை. அவள் பங்கில் வஞ்சம் செய்யவில்லை, நடத்தையில் தவறவில்லை. வெள்ளைக்காரன் வளர்த்த நாயை, நம் ஊர் நாயைப்போல மரியாதை தெரிந்தது என்று நம்பிக் கிட்டப் போனாள். அவள் செய்த தப்பு இவ்வளவுதான். நாலு வருஷம் அவள் இருந்த லயத்தில் நான் வைத்தியம் பார்த்தவன், அவளை எனக்குத் தெரியும். பேச்சியம்மாளைக் கட்டிக்கொள்வதும் கட்டிக்கொள்ளாததும் உங்கள் இஷ்டம். உங்கள் வீட்டுக்கு அந்தப் பெண் வேண்டும் என்று நான் கெஞ்சவில்லை. அவளுக்கு உங்கள் வீடு வேண்டுமா என்று அவளே யோசிக்கட்டும். ஆனால் அவள் தாயின் பேரைக் கெடுத்தீர்களே, அதை எந்தச் சந்தையில் கெடுத்தீர்களோ அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

குற்றவாளி வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். டிரஸ்ஸர் சவரிமுத்து. மேற்கொண்டு விவரம் கேட்க வேண்டியவர்கள் பத்திரிகை ஆபீஸ் மூலமாக எழுதுங்கள். தோட்டத்து விலாசத்துக்கு எழுத வேண்டாம். இது அச்சில் வந்து உங்கள் கைக்குச் சேரும்போது அந்த வீட்டில் வேறொரு டிரஸ்ஸர் குடியிருப்பார்.